ஜாப் போச்சு என்றால் வேலை போச்சு என்று அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். மொத்தவிலைக் கடையொன்றில் சாமான் எடுக்கப் போனவரை முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, கவுன்ட்டரில் இருந்த பெண் "சிஸ்டம் டவுன், அங்கிள்" என்றாராம். எட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிக்கொண்டிருந்ததாம். ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிற சிங்கப்பூரில் இன்னும் இந்தக் கற்காலக் கணினியா என்று கேட்டிருந்தார்.

அந்தக் கற்காலத்தில் 29 ஆண்டு குடியிருந்தவன் நான். 1989இல் சேர்ந்து 2018இல் ஓய்வு பெறும் வரை, ஜூரோங் பக்கம் மளிகைச் சாமான் விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினி அறை ஆபரேட்டராக இருந்தேன். பெரும்பாலும் இரவு ஷிப்ட். அந்த வாசகரின் கோபத்தில் பாதி நியாயம். முக்கால் மணி நேரம் நிற்க வைத்தது தப்புதான். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் நடுவில் வெட்டாமல் கடைசியில் வெட்டுங்கள்.

முதலில், அந்தப் பச்சைத் திரை. பெரும்பாலும் அது நிறுவனங்கள் கணக்கு வழக்குக்கு வைத்திருக்கும் ஏஎஸ் 400 என்ற கணினியாக இருக்கும். ஐபிஎம் அதை அறிவித்தது 1988 ஜூன் 21இல். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் உருவாக்கினார்கள். 2000இல் ஐசீரிஸ் என்று பெயர் மாற்றினார்கள், 2006இல் சிஸ்டம் ஐ என்றார்கள், 2008இல் ஐபிஎம் ஐ என்றார்கள். நாங்கள் கடைசி வரை ஏஎஸ் 400 என்றுதான் சொன்னோம். பலகையில் லிட்டில் இந்தியா என்று எழுதியிருந்தாலும் நமக்கு அது தேக்காதானே, அதுபோல. பெயர்தான் பழசு. உள்ளே இருக்கும் இயந்திரம் ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக மாறிக்கொண்டே வந்தது. திரை மட்டும் மாறவில்லை. வேகமாகத் தட்டிப் பழகிய விரல்களுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாவது விஷயம், "சிஸ்டம் டவுன்" என்பது. 29 ஆண்டில் அந்த இயந்திரம் தானாக முழுக்க நின்றுபோனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். கவுன்ட்டரில் டவுன் என்று சொல்லும்போது பெரும்பாலும் நின்றிருப்பது இயந்திரம் இல்லை, அதில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு ஜாப். அந்த இயந்திரத்தில் எல்லாமே ஜாப்தான். நீங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்தால் அது ஒரு ஜாப். இரவில் இன்வாய்ஸ் அடித்தால் அது ஒரு ஜாப். ஒவ்வொன்றுக்கும் மூன்று துண்டாகப் பெயர் இருக்கும்: ஆறு இலக்க எண், தொடங்கியவரின் பெயர், ஜாப்பின் பெயர். நம் அடையாள அட்டை மாதிரி. நூறு பேர் ஒரே பெயரில் இருந்தாலும் எண் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஜாப் என்ற சொல்லால் எங்கள் வீட்டில் ஒருநாள் பெரிய கலவரமே நடந்தது. எனக்கு வெள்ளிக்கிழமை இரவு ஓய்வு. அன்று பணியில் இருக்கும், மலேசியாவிலிருந்து வந்துபோகும் ஜோகூர்த் தம்பி அதிகாலை மூன்று மணிக்கு அழைத்து, "அண்ணே, ஜாப் போயிடுச்சு" என்றான். நானும் தூக்கக் கலக்கத்தில் சத்தமாக, "என்னது, ஜாப் போயிடுச்சா?" என்றேன். பக்கத்தில் படுத்திருந்த மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்னங்க, வேலை போயிடுச்சா? வீட்டுக் கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கே!" அவருக்குப் புரிய வைத்துவிட்டு மறுபடி போனை எடுப்பதற்குள் அந்தத் தம்பி செய்யக் கூடாததைச் செய்துவிட்டான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இது நடந்தது 2016 ஆகஸ்டில். தேசிய தினம் முடிந்த அதே வாரம். ஒவ்வொரு நாளும் இரவு இரண்டு மணிக்கு எங்கள் இன்வாய்ஸ் ஜாப் தொடங்கும். மறுநாள் லாரியில் ஏற வேண்டிய சாமானுக்கெல்லாம் இன்வாய்ஸ், டெலிவரி ஆர்டர், கையிருப்புக் கழிப்பு எல்லாவற்றையும் அதுதான் செய்யும். 20 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை இரவு பாதியில் நின்றுவிட்டது. அடுத்த வாரம் வியாழன் வரை ஒழுங்காக ஓடியது. வெள்ளிக்கிழமை மறுபடி நின்றது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. சீனர்களின் ஏழாம் மாதம் வேறு, ஆவிகள் உலவும் காலம் என்பார்கள். எங்கள் சூப்பர்வைசர் கணினி அறை வாசலில் மூன்று ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். எங்கள் பக்கத்திலும் ஒருவர் பேக்கப் டேப்புக்கு விபூதி பூசியிருக்கிறார்.

மேலாளர் ஆவியை நம்புகிறவர் இல்லை. பணி அட்டவணையை எடுத்துப் பார்த்தார். மூன்று வெள்ளியும் பணியில் இருந்தது ஜோகூர்த் தம்பி. மற்ற நாள்களில் நான். என் ஷிப்டில் ஒன்றும் ஆகவில்லை, அவன் ஷிப்டில் மட்டும் நிற்கிறது. அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது. அவன் ஏதோ பொத்தானைத் தட்டிவிட்டான், இல்லாவிட்டால் தூக்கத்தில் ஜாப்பை முடித்துவிட்டான் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். தினமும் உட்லண்ட்ஸ் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரம் காத்திருந்து வேலைக்கு வருகிற பையன். பெர்மிட் புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது. கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தான். கோப்பி ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது.

"நீ தட்டினியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. ரெண்டே முக்காலுக்குத் திரையைப் பார்க்கிறேன், ஜாப் இல்ல. அவ்வளவுதான் தெரியும்."

"ஜாப் லாக் பார்த்தியா?"

"காலை ஷிப்டுல ஸ்பூலைச் சுத்தம் பண்ணிட்டாங்கண்ணே."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ஜாப் அசாதாரணமாக முடிந்தால், அது கடைசியாக என்னவெல்லாம் செய்தது, எந்த நொடியில் எந்தச் செய்தி வந்தது என்று அந்த இயந்திரம் தானாகவே ஒரு பட்டியல் எழுதி அச்சு வரிசையில், அதாவது ஸ்பூலில், போட்டுவிடும். அதுதான் ஜாப் லாக். ஒரு ஜாப் செத்ததும் முதலில் தேட வேண்டியது அதைத்தான். எங்கள் இடத்தில் என்ன செய்வார்கள் என்றால், சனிக்கிழமை காலை வருகிறவர் "இடத்தை அடைக்கிறது" என்று அச்சு வரிசையை மொத்தமாகத் துடைத்துவிடுவார். கொலை நடந்த வீட்டைக் காலையில் வந்து கழுவி விடுகிற மாதிரி. அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்த வேலைப் பட்டியலில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மென்பொருள் பராமரிப்புக்கு ஒப்பந்தம் போட்டிருந்தவர்களை அழைத்துக் கேட்டபோது, மெமரி போதவில்லை, கூடுதலாக வாங்குங்கள் என்று ஒரு விலைப்பட்டியல் அனுப்பினார்கள். லாக்கைத் திறந்தே பார்க்கவில்லை.

சரி, ஜாப் லாக் போனால் போகட்டும். இயந்திரம் தனக்கென்று இன்னொரு குறிப்பேடு வைத்திருக்கிறது. க்யூஹெச்எஸ்டி என்று பெயர், ஹிஸ்டரி லாக். எந்த ஜாப் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எப்படி முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி அதில் இருக்கும். அதைப் படிக்கும் கட்டளை டிஎஸ்பிலாக். எங்கள் அறையில் அதை "டிஎஸ்பியைக் கூப்பிடு" என்போம். சினிமாவில் கடைசியில் டிஎஸ்பி ஜீப்பில் வந்து இறங்குவாரே, அதே கணக்கு. ஆனால் இந்த டிஎஸ்பியைப் படம் முடிந்த பிறகு கூப்பிடாமல் முதலிலேயே கூப்பிட வேண்டும். அந்தக் குறிப்பேட்டையும் குறிப்பிட்ட நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் இடத்தில் 30 நாள்.

மூன்றாவது வெள்ளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, நானே போய் உட்கார்ந்தேன். முதல் வெள்ளி இரவுக்கு உரிய கோப்பு, 16226 என்ற எண்ணோடு இருந்தது. 16 என்றால் ஆண்டு, 226 என்றால் அந்த ஆண்டின் இருநூற்று இருபத்தாறாவது நாள், அதாவது ஆகஸ்ட் 13, சனிக்கிழமை அதிகாலை. கட்டளையில் நேரத்தைக் குறுக்கி, சிபிஎஃப் 1164 என்ற செய்தியைத் தேடினேன்.

சிபிஎஃப் என்றதும் உங்களுக்கெல்லாம் மத்திய சேம நிதி ஞாபகம் வரும். புதிதாகச் சேரும் பையன்கள் எல்லாரும் அந்தத் திரையைப் பார்த்ததும் முதல் நாளே ஒரு தடவை கேட்டுவிடுவார்கள், "அண்ணே, யாரோட சிபிஎஃப்?" என்று. ஏஎஸ் 400க்கு முன்னால் 1978இல் அறிவித்த சிஸ்டம் 38 என்ற இயந்திரத்தின் இயக்க மென்பொருளுக்கு கன்ட்ரோல் புரோகிராம் ஃபெசிலிட்டி என்று பெயர். அதன் மூன்றெழுத்துதான் இன்றைக்கும் செய்தி எண்களின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 55 வயதானாலும் அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது.

1164 என்பது ஒரு ஜாப் முடிந்தது என்று சொல்லும் செய்தி. ஜாப்பின் மூன்று துண்டுப் பெயர், முடிந்த தேதி, நேரம், எத்தனை நொடி செயலியைப் பயன்படுத்தியது, கடைசியில் எண்ட் கோட் என்று ஓர் எண். அந்தக் கடைசி எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கர்சரை அந்த வரியில் வைத்து எஃப்1 தட்டினால் ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் எழுதியிருக்கும். 0 என்றால் தானாக, ஒழுங்காக முடிந்தது. 10 என்றால், "முடித்துக்கொள்" என்று சொல்லப்பட்டு, அது தன் வேலையை முடித்துவிட்டு நின்றது. 20 என்றால் ஜாப்புக்கு அனுமதித்த கடுமையைத் தாண்டிய பிழை. 30 என்றால் ஜாப் அசாதாரணமாக முடிந்தது. நிரலில் கோளாறு என்றால் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் வந்து நிற்கும். 40 என்றால் ஓடத் தொடங்கும் முன்பே வரிசையிலிருந்து தூக்கிவிட்டார்கள். 50 என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து முடித்துவிட்டார்கள். 60, 70 என்றால் சப்சிஸ்டமோ (ஜாப்கள் சேர்ந்து ஓடுகிற தனிப் பிரிவு அது) மொத்த இயந்திரமோ விழுந்ததில் இதுவும் சேர்ந்து விழுந்தது.

எங்கள் இன்வாய்ஸ் ஜாப்பின் வரியில் இருந்த நேரம் 2:40:07. எண்ட் கோட் 50.

உடனே மேலாளர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. யாரோ முடித்திருக்கிறார்கள். வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அதே பக்கத்தில் அதற்கு மேலும் கீழும் இருந்த வரிகளைப் பார்த்தேன். ஃபேக்ஸ் அனுப்பும் ஜாப் ஒன்று, 2:40:07, எண்ட் கோட் 50. வாடிக்கையாளர்களின் ஆர்டரை வாங்கிவைக்கும் ஜாப் ஒன்று, அதே நொடி, அதே 50. அதற்கடுத்து க்யூபேட்ச் என்ற சப்சிஸ்டம் முடிந்தது என்று ஒரு வரி. ஒருவன் தவறுதலாக ஒரு ஜாப்பை முடிக்கலாம். ஒரே நொடியில் மூன்றை முடித்துவிட்டு, அவை இருந்த வீட்டையும் பூட்டிவிட்டுப் போக மாட்டான்.

அப்புறம் சும்மா, ஒப்பிட்டுப் பார்ப்போமே என்று, ஒழுங்காக ஓடிய ஒரு வியாழன் இரவை எடுத்தேன். அன்று பணியில் இருந்தவன் நான். இன்வாய்ஸ் ஜாப் 2:19க்கு, எண்ட் கோட் 0. அழகு. ஆனால் ஃபேக்ஸ் ஜாப்பும் ஆர்டர் ஜாப்பும் அன்றைக்கும் 2:40க்கு, எண்ட் கோட் 50! புதனும் அப்படி. செவ்வாயும் அப்படி. ஒவ்வொரு நாளும் இரவு 2:40க்கு யாரோ விளக்கை அணைத்திருக்கிறார்கள். என் ஷிப்டிலும் அணைத்திருக்கிறார்கள், எனக்கே தெரியாது.

கோப்பிக் கடை மூடும் நேரத்தில் பார்த்திருப்பீர்கள். முதலில் நாற்காலியை மேசைமேல் கவிழ்ப்பார்கள். "பத்து நிமிஷம், அங்கிள்" என்பார்கள். புது ஆள் யாரும் உட்கார முடியாது, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் சாப்பிட்டு முடிக்கலாம். பத்து நிமிடம் கழித்தும் உட்கார்ந்திருந்தால் விளக்கு அணைந்துவிடும். சப்சிஸ்டத்தை மூடுவதும் அச்சாக அப்படித்தான். நிதானமாக மூடு என்று சொல்லி ஓர் அவகாசம் கொடுக்கலாம். அந்த அவகாசம் தீர்ந்ததும் அது உடனடி மூடலாக மாறிவிடும். உள்ளே ஓடிக்கொண்டிருப்பது எதுவானாலும் பாதியில் வெட்டப்படும். அப்படியானால் 2:40க்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யாரோ நாற்காலியைக் கவிழ்த்திருக்க வேண்டும். ஜாப் தொடங்கியதைச் சொல்லும் 1124 என்ற செய்தியைத் தேடினேன். சரியாக 2:30:00க்கு, வேறொரு சப்சிஸ்டத்தில், இரவு பேக்கப் ஜாப் தொடங்கியிருந்தது.

பேக்கப் எடுக்கும்போது கோப்புகளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் அந்த நிரல் முதல் காரியமாக க்யூபேட்ச் சப்சிஸ்டத்தை மூடும். டேப்பில் எழுதி முடித்ததும் மறுபடி திறந்துவிடும். நான்கு மணிக்கு எல்லாம் வழக்கம்போல இருக்கும். காலையில் வருகிறவருக்கு எதுவுமே தெரியாது. ஃபேக்ஸ் ஜாப்பும் ஆர்டர் ஜாப்பும் எப்போதும் காத்திருக்கிற ஜாப்கள், சப்சிஸ்டம் திறந்ததும் தானாகத் தொடங்கிவிடும். அதனால் அவை தினமும் செத்துப் பிழைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். வார இறுதிக்கான ஆர்டர்களை முன்பு இரவு பத்து மணியோடு நிறுத்திவிடுவோம். போட்டி அதிகமாகிவிட்டது என்று அந்த ஆகஸ்டிலிருந்து நள்ளிரவு வரை வாங்கச் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் இரண்டு மடங்கு. 20 நிமிடத்தில் முடிந்த ஜாப் வெள்ளிக்கிழமைகளில் 45, 50 நிமிடம் ஓடியது. விற்பனைப் பிரிவில் எடுத்த முடிவு. கணினி அறைக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பேக்கப் நிரலின் மூல வரிகளைத் திறந்தேன். அந்த இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு, ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் அது கடைசியாக மாற்றப்பட்ட தேதி ஆறு இலக்கத்தில் இருக்கும். சப்சிஸ்டத்தை மூடும் வரி, அவகாசம் 600 நொடி. பக்கத்தில் 970314. மேலே குறிப்பு வரியில் என் பெயரின் முதலெழுத்துகள்.

1997 மார்ச்சில் அப்போதைய புரோகிராமர் எனக்கு சிஎல் என்ற கட்டளை மொழியில் எழுதக் கற்றுக்கொடுத்தார். நான் சொந்தமாக எழுதிய முதல் நிரல் அது. அன்றைக்கு இன்வாய்ஸ் ஜாப் ஆறு நிமிடத்தில் முடியும். பத்து நிமிட அவகாசம் தாராளம் என்று நினைத்து 600 போட்டேன். எழுதியதே மறந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை காலை மேலாளரிடம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். தம்பி எதையும் தட்டவில்லை, தட்டியது நான், 19 வருஷத்துக்கு முன்னால் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ அங்கிள், 1997!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நிரலைத் திருத்தியது அரை நாள் வேலை. முதலில் ஜாப் வரிசையை நிறுத்திவைப்பது, அதாவது புது ஆளை உள்ளே விடாமல் இருப்பது. பிறகு இன்வாய்ஸ் ஜாப் இன்னும் ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடினால் இரண்டு நிமிடம் தூங்கிவிட்டு மறுபடி பார்ப்பது. ஒன்றரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை என்றால் ஆபரேட்டரைக் கூப்பிடுவது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் சப்சிஸ்டத்தை மூடுவது. இன்வாய்ஸ் நிரலை எழுதியவரிடம் சொல்லி, ஒவ்வொரு வாடிக்கையாளரை முடித்ததும் "என்னை மூடச் சொல்லியிருக்கிறார்களா" என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் செய்தோம். அந்த நிரலை எழுதிய ஆர்பிஜி மொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. நாற்காலி கவிழ்க்கும் சத்தம் கேட்டால் வாயில் இருக்கும் கவளத்தை விழுங்கிவிட்டு எழுந்துவிடலாம். காது கொடுத்துக் கேட்கிற நிரலுக்குத்தான் அந்த அவகாசமும் மரியாதையும் பயன்படும். எங்கள் நிரல் அதுவரை கேட்டதே இல்லை.

இப்போது அந்தத் தம்பி செய்யக் கூடாததைச் செய்தான் என்றேனே, அது. முதல் வெள்ளி இரவு ஜாப்பைக் காணோம் என்றதும், நான் மனைவியிடம் மன்றாடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தில், பயத்தில் அதே ஜாப்பை முதலிலிருந்து மறுபடி அனுப்பிவிட்டான். ஏற்கெனவே பாதிப் பேருக்கு இன்வாய்ஸ் அடித்துக் கையிருப்பையும் கழித்தாயிற்று. அவர்களுக்கெல்லாம் இரண்டாவது தடவை. சனிக்கிழமை மத்தியானம் தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்காரர் அழைத்து, "முப்பது மூட்டை பொன்னி கேட்டா அறுபது மூட்டைக்கு பில் போடுறீங்க, என் கடையில நிக்கவே இடமில்ல" என்று கத்தினார். கிடங்கில் ஆளை அனுப்பி எண்ணிப் பார்த்தால் 22 மூட்டை இருக்கிறது. திரையில் மைனஸ் 8 என்று காட்டுகிறது. அதைச் சரிசெய்ய நாலு பேருக்கு இரண்டு நாள் ஆனது. கமிட்மென்ட் கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டிருந்தால், பாதியில் நின்ற மாற்றங்களை இயந்திரமே பழையபடி திருப்பி வைத்துவிடும். எங்கள் நிரல் 1991இல் எழுதியது, அதில் போடவில்லை.

ஆக, தம்பி மேலும் தப்பு உண்டு. ஜாப் செத்த உடனே கை தானாக மறுபடி அனுப்பத்தான் துடிக்கும். நானும் இளம் வயதில் செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, எந்த வாடிக்கையாளரோடு நின்றது என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரு கடிதம் கொடுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவர்கள் கொடுத்தது வேறொரு குற்றத்துக்கு.

நாற்காலியிலிருந்து எழுந்து போய்த் திரும்பும்போது ஜாப் செத்துக் கிடப்பது இன்னொரு வகை. கணக்குப் பிரிவில் ஓர் அக்கா, மதிய உணவுக்குப் போய்வந்தால் தான் தட்டிவைத்திருந்த நாற்பது வரியும் காணோம், திரை மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது என்று அழுதார். இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்தே நிமிடம்தான் ஆனது. தணிக்கையாளர் சொன்னதால் க்யூஇன்ஆக்ட்ஐடிவி என்ற அமைப்பில் 30 நிமிடம் என்று போட்டிருந்தார்கள். அவ்வளவு நேரம் யாரும் தொடாத திரையை என்ன செய்வது என்று சொல்லும் இன்னொரு அமைப்பில் "ஜாப்பை முடி" என்றிருந்தது. அதை "துண்டித்து வை" என்று மாற்றினோம். ஆள் இல்லாத திரையும் பூட்டப்படும், அக்கா திரும்பி வந்து நுழைந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். அப்படித் துண்டித்த ஜாப்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதற்கும் ஓர் எண் உண்டு, தொழிற்சாலையிலிருந்து வரும்போது 240 நிமிடம். அக்கா ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார்.

இதே மாதிரி இயந்திரங்களோடு இன்றும் மாரடிக்கிற நம் பிள்ளைகள் ஜூரோங்கிலும் துவாசிலும் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்கு ஒன்று. ஜாப் லாக்கை முழு விளக்கத்தோடு எழுதும்படி ஜாப் விவரிப்பில் மாற்றி வையுங்கள், சிஎல் கட்டளைகளையும் பதியச் சொல்லுங்கள். கொஞ்சம் இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். நிஜமாகவே ஓர் ஆள்தான் முடித்தானா என்று ஒருநாள் கேள்வி வரும். அதற்கான தணிக்கைப் பதிவேடு க்யூஆட்ஜேஆர்என் என்று இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் அது எழுதும். செத்த பிறகு போய்க் கேட்டால் ஒன்றும் சொல்லாது. எண்ட் கோட் 0 என்று வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். இயந்திரம் கேட்ட கேள்விக்கு "ரத்து" என்று யாரோ பதில் கொடுத்து, நிரலும் அதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டு, மரியாதையாக முடிந்த ஜாப்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடிதம் எழுதிய வாசகருக்கு: எங்கள் நிறுவனம் நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு அந்தப் பச்சைத் திரையைத் தூக்கிவிட்டது. புதியது வண்ண வண்ணமாக, கைப்பேசியிலேயே பார்க்கலாம். அண்மையில் பழைய நண்பர்களைப் பார்க்கப் போனேன். இன்வாய்ஸ் ஒன்று நின்றுபோயிருந்தது. திரையில், "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. சற்று நேரம் கழித்து முயலவும்" என்று இருந்தது. எண் இல்லை, நேரம் இல்லை, யார் முடித்தது என்று இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் வெளியே தலையை நீட்டி, "சிஸ்டம் டவுன், அங்கிள்" என்றார். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஜோகூர்த் தம்பியின் பெர்மிட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். மேலாளர் வாய்வார்த்தையாக "சாரி லா" என்றார். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் இரண்டு தடவை மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். ஒருமுறை கொடுத்த கடிதத்தை ரத்து செய்ய அவர்களிடம் படிவம் இல்லையாம். அவன் இப்போது ஜோகூரிலேயே வேறு வேலையில் இருக்கிறான். அந்த 600ஐப் போட்ட எனக்கு 2018இல் பிரிவுபசார விருந்தும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
பழைய இரவு ஷிப்ட்காரன்,
ஈசூன்.